காது வில்லையும் கால்நடை மருந்தகமும்

காலை வேளையில் கால்நடை மருந்தகத்திற்குச் சென்றவர்கள் அங்குள்ள நெருக்கடியை அறிவார்கள். சினை ஊசிக்கு வந்த பசு, வயிறு உப்பிய கன்று, மடிநோய் கண்ட எருமை, குடற்புழு மருந்துக்கு வந்த ஆடுகள் யாவும் ஒரே மரத்தடியில் காத்து நிற்கும். வைத்தியரோ ஒருவர். அவருடைய பொழுதில் கணிசமான பகுதி சிகிச்சையில் அல்ல, விசாரணையிலேயே கழிகிறது. ஈன்று எத்தனை மாதம், முன்பு போட்ட மருந்து என்ன, சினையா அல்லவா என்று கேட்டால், மாட்டைப் பிடித்து வந்த ஆள், "அது எஜமானருக்குத்தான் தெரியும்" என்று சொல்லி நிற்பான்.

இக்கேள்விகள் வீண் கேள்விகள் அல்ல. ஓர் உதாரணம் கூறுவோம். பருவத்திற்கு வாராத பசுவைப் பருவத்திற்குக் கொணரப் புரோஸ்டாகிளாண்டின் என்னும் ஊசி போடப்படுவதுண்டு. அதே ஊசி சினைப்பசுவுக்குச் செலுத்தப்பட்டால் கரு கலைந்துபோகும். சினை பிடித்த முதல் ஐந்து வாரங்களுக்குள் கையால் சோதித்து நிச்சயிப்பதோ அரிது. பக்கத்து ஊரில் சென்ற மாதம் சினை ஊசி போடப்பட்டு, பிறகு சந்தையில் கைமாறிய பசுவைப் பற்றிப் புதிய உடையவர் ஒன்றும் அறியார். வைத்தியரும் அறிய வழியில்லை. அந்த ஒரு தேதி தெரியாமையால் ஒரு கன்றும், ஓர் ஈற்றுப் பாலும் நஷ்டமாகலாம்.

இந்தக் குறையைத் தீர்ப்பதற்கென்றே மாட்டின் காதில் மஞ்சள் நிற வில்லை பொருத்தப்படுகிறது. அதில் 12 இலக்கங்களும் கோட்டுக்குறியும் அச்சிடப்பட்டிருக்கும். நிலத்திற்குச் சர்வே எண் எவ்வாறோ, மாட்டிற்கு இவ்வெண் அவ்வாறே. உடையவர் மாறினும் எண் மாறாது. தேசிய பால்வள வாரியம் அமைத்த இனாப் என்னும் கணினிப் பதிவேட்டில் தொடங்கிய இவ்வேலை, இப்பொழுது பாரத் பசுதன் என்னும் பதிவேட்டில் நடைபெறுகிறது. 2019-ஆம் வருஷம் செப்டம்பரில் கோமாரி நோயையும் கருச்சிதைவு நோயையும் அடக்குவதற்கான தேசியத் திட்டம் தொடங்கிய பின்னர், தடுப்பூசி போடும்பொழுதே வில்லையும் பொருத்துவது வழக்கமாயிற்று.

மருந்தகத்தில் இதனால் விளையும் சௌகரியம் யாதெனில், மாடு வரிசையில் நிற்கும்பொழுதே உதவியாளர் கைப்பேசியில் அவ்வெண்ணைப் பதிந்தால், சினை ஊசி போட்ட தேதி, சினைப் பரிசோதனையின் முடிவு, தடுப்பூசி, முன்பு செய்த சிகிச்சை ஆகியவை, பதியப்பட்டிருக்கும் அளவில், வைத்தியர் கண்முன் வந்துவிடும். விசாரணை குறையும், மாட்டைத் தொட்டுப் பார்க்கப் பொழுது மிகும்.

கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி விஷயத்தில் பதிவு இன்னும் அவசியம். இதனைப் பெண் கன்றுகளுக்கு 4 மாதம் முதல் 8 மாத வயதிற்குள் ஒரே முறை போட வேண்டும். இது உயிருள்ள கிருமியைக் கொண்டு செய்த மருந்தாகையால், சினை மாட்டிற்குப் போடலாகாது. மேலும், ஊசி போட்ட மாட்டின் இரத்தத்தைப் பின்னர்ச் சோதிக்குங்கால், நோயால் வந்த குறியா, ஊசியால் வந்த குறியா என்ற மயக்கம் உண்டாகக்கூடும். எழுத்தில் இருந்தாலன்றி அம்மயக்கம் தீராது. இந்நோய் காய்ச்சாத பால் வழியாகவும், கன்று வீசிய மாட்டின் கழிவுகள் வழியாகவும் மனிதருக்கும் பற்றுவதாகும்.

இனி நம் குடியானவர்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அந்தியூர், கண்ணபுரம் போன்ற சந்தைகளில் மாடு வாங்குவோர் சுழி பார்ப்பார்கள், பல் பிடித்துப் பார்ப்பார்கள், துணிக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். காது வில்லையை மட்டும் ஏறெடுத்தும் பாரார்! சுழியைப் பற்றி எம் அபிப்பிராயம் இங்கு வேண்டுவதில்லை. ஆனால் அவ்வெண்ணைக் கேட்டு, பதிவைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளாதவர், மாட்டை வாங்கி அதன் சரித்திரத்தை விற்றவரிடமே விட்டு வருகிறார். பதிவில் பழைய உடையவரின் கைப்பேசி எண்ணே நின்றால், தடுப்பூசி முதலியவற்றிற்கு ஒப்புதல் கேட்டு வரும் இரகசிய எண்ணும் அவருக்கே போகும்; மருந்தகத்தில் வேலை தடைப்படும்.

காதைத் துளைத்தால் மாடு இளைக்கும் என்றும், பால் வற்றும் என்றும் சிலர் அஞ்சுகின்றனர். காதின் நடுப்பாகத்தில் இரத்தக் குழாய்களை விலக்கிச் சுத்தமான கருவியால் பொருத்தினால் வலி சிறிது நேரமே இருக்கும். ஈ மிகுந்த காலத்தில் புண்ணில் புழு வைப்பதுண்டு என்பது மெய்; ஆகவே பத்து நாள்வரை காதைத் தினந்தோறும் பார்த்து, சீழோ துர்நாற்றமோ கண்டால் உடனே காட்டவும்.

முள்வேலியிலும் கயிற்றிலும் சிக்கி வில்லை அறுந்துபோவது அடிக்கடி நிகழ்கிறது. அப்பொழுது புது வில்லை போட்டால் மட்டும் போதாது. பழைய எண்ணைச் சொல்லி இரண்டையும் இணைக்கச் செய்ய வேண்டும். இல்லையேல் ஏழு ஈற்றுப் பசுவும் ஏட்டில் நேற்று வந்த மாடாகிவிடும். இன்ஷூரன்ஸ் செய்த மாடாயின் கம்பெனிக்கும் உடனே எழுதித் தெரிவிப்பது நலம்; வில்லையில்லாத மாடு இறந்தால் தொகை பெறுவது கடினம்.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்திற்கு ஒருமுறை போடப்படுகிறது. முகாமுக்கு முன்னதாக, விற்றதும் செத்ததுமான மாடுகளைத் தெருவாரியாகக் கேட்டு மருந்தகத்திற்கு ஒரு ஜாபிதா கொடுத்தால், ஏட்டிலுள்ள மாடுகளும் தொழுவத்திலுள்ளவையும் ஒத்துப்போகும். எந்தத் தெருவில் ஊசி விடுபட்டது என்பதும் அப்பொழுதே விளங்கும். இறந்த மாடுகள் ஏட்டில் உயிரோடிருக்கும் ஊரில், விடுபட்ட மாடுகளைத் தேடிக் காண்பது பெரும்பாடு.

மலையடிவாரக் கிராமங்களில் கைப்பேசிக்குத் தொடர்பு கிடைப்பதில்லை. அங்கெல்லாம் வைத்தியர் காகிதத்தில் குறித்துப் பிற்பாடு பதிவதால், சில நாள் தாமதம் நேரலாம். ஆதலால் உடையவர்கள் ஒவ்வொரு மாட்டின் எண்ணையும், ஊசி போட்ட தேதியையும், மருந்தின் பெயரையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தாமும் எழுதி வைத்து, மாட்டை அனுப்பும்பொழுது அதையும் ஆளிடம் கொடுத்தனுப்ப வேண்டும். எழுந்திருக்க முடியாத மாட்டிற்காக 1962 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் நடமாடும் வைத்திய வண்டியை அழைப்பவர்களும், நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது நன்று.