கேபினட் இரைந்தால் யாரைக் கேட்பது?

புதுச்சேரியில் மே மாதத்துப் பிற்பகலில் ஏ.சி. இல்லாத மாடி அறை 36 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். அறையில் ஒரு டிகிரி கூடினால் பிராசசரிலும் ஏறக்குறைய ஒரு டிகிரி கூடும். குளிர்நாட்டு யூடியூபர் 21 டிகிரி அறையில் ஓட்டி, 'சத்தமே இல்லை' என்று மெச்சிய கம்ப்யூட்டர் கேபினட் இங்கே 15 டிகிரியைக் கூடுதலாகச் சுமக்கிறது. ஃபேன் அலறாமல் என்ன செய்யும்? 95, 100 டிகிரியை நெருங்கினால் இன்றைய பிராசசர்கள் பலவும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் வெயிலில் போய்விடுகிறது.

சத்தம் பொறுக்காமல் பலர் கேபினட்டைக் கம்ப்யூட்டர் மேசையின் கதவு வைத்த தட்டுக்குள் தள்ளி மூடிவிடுகிறார்கள். இதைவிடக் கெட்ட வைத்தியம் கிடையாது. பின்பக்கம் வெளியேறிய வெந்த காற்றே முன்பக்கமாகத் திரும்ப நுழையும். ஃபேன் இன்னும் கத்தும். முகப்பு முழுக்கக் கண்ணாடியும் கலர் லைட்டுமாக வரும் கேபினட்டுகளிலும் இதே கதைதான். பல மாடல்களில் காற்று நுழைய ஓரத்தில் விரற்கடை சந்துதான் இருக்கும். நம் ஊருக்கு வலை முகப்பே சரி.

பக்கவாட்டு மூடியைக் கழற்றிவைத்து, அதே வேலையை அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள். சூடு நன்றாக இறங்கினால் கேபினட்டுக்குக் காற்று போதவில்லை. இறங்காவிட்டால் பிராசசர் மேல் காய்ந்த தெர்மல் பேஸ்ட், தளர்ந்த திருகு, ஹீட்சிங்கில் அடைத்த தூசி என்று தேட வேண்டும். ஃபேனின் சுற்று பாதியானால் காற்றும் பாதியாகும். சத்தமோ சுமார் 15 டெசிபல் இறங்கும். அதே போன்ற இன்னொரு ஃபேனைச் சேர்த்தால் கூடுவது 3 டெசிபல்தான். ஆகவே ஒன்றை முழு வேகத்தில் விரட்டுவதைவிட இரண்டைப் பாதி வேகத்தில் ஓட்டுவது லாபம். பயாஸிலேயே வேகத்தை மாற்றலாம்.

குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் போன்ற கடலோரத் தெருக்களில் தூசியோடு உப்பும் வரும். உப்புத் தூசி ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இணைப்புகளை அரிக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது ப்ளோயர் அடியுங்கள். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்கிறதா? முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் இது அவசியம்.

இவ்வளவும் செய்தும் தீராவிட்டால் விற்ற கடையைத்தான் கேட்க வேண்டும். 'பார்ட்ஸ் கம்பெனியைக் கேளுங்கள், நாங்கள் அசெம்பிள் மட்டும்தான் செய்தோம்' என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பிறர் செய்த பாகங்களைக் கோத்துத் தருபவரும் உற்பத்தியாளரே. பில் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் அப்படியே.

ஆனால் சத்தம் பிடிக்கவில்லை என்பது மட்டும் குறைபாடாகிவிடாது. பேரிங் தேய்ந்து கரகரப்பது, சாதாரண வேலையிலேயே 100 டிகிரி தொடுவது, எழுதிக் கொடுத்த ஃபேனுக்குப் பதில் மட்டமானதைப் பொருத்தியது, இவைதான் வழக்காகும். அதனால் ஃபேன், கூலர், கேபினட் மாடலைப் பில்லில் எழுதி வாங்குங்கள். சூட்டளவைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். சர்வீஸுக்குக் கொடுத்தால் ஜாப் ஷீட் கேளுங்கள். 'ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி போச்சு' என்கிற கடையிடம், தூசி தட்டத் திறக்கலாமா என்பதை வாங்கும்போதே எழுத்தில் பெறுவது நல்லது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். பல தகராறுகள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, 2 ஆண்டுக்குள் போக வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய சிஸ்டமாக இருந்தாலும், நீங்கள் குடியிருப்பது புதுச்சேரி என்றால் இங்கேயே வழக்குத் தொடுக்கலாம். பார்வைக்குத் தெரியாத கோளாறு என்றால் ஆணையம் பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பும். அதற்கான செலவை முன்பணமாக உங்களையே கட்டச் சொல்லலாம்.