சிலந்தியோடு ஒரு வாரம்

இருட்டிய பிறகு தோட்டத்துக்கோ வயல் வரப்புக்கோ போங்கள். டார்ச் விளக்கை இடுப்பருகே பிடிக்காமல் நெற்றிப்பொட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு புல்தரையைப் பாருங்கள். நாலைந்து எட்டு தொலைவில் பச்சையும் நீலமும் கலந்த பொடிப் பொட்டு ஒன்று மின்னும். பனித்துளியும் மின்னும்தான். ஆனால் தலையைக் கொஞ்சம் அசைத்தால் பனித்துளியின் ஒளி சிதறும், நிறம் மாறும். இந்தப் பொட்டு மாறாது. ஒளியை விலக்காமல் நேராக நடந்துபோய்க் குனிந்தால், அங்கே ஓநாய்ச் சிலந்தி ஒன்று உட்கார்ந்திருக்கும்.

வலை பின்னாமல் தரையில் ஓடி வேட்டையாடும் இனம் இது. இதன் சில கண்களுக்குள், பூனையின் கண்ணில் உள்ளதைப் போலவே, ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது. வந்த வழியிலேயே ஒளி திரும்பிப் போவதால்தான் விளக்கு நம் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சில நேரம் ஒரே இடத்தில் பத்து முப்பது பொடி ஒளிகள் குவிந்து தெரியும். முட்டைப் பையைப் பின்னால் ஒட்டவைத்து இழுத்துத் திரியும் தாய், குஞ்சுகள் வெளிவந்ததும் அவற்றை முதுகில் ஏற்றிக்கொள்கிறது. அத்தனை குஞ்சுகளின் கண்களும் சேர்ந்து மின்னுவதைத்தான் பார்க்கிறோம். நெல் வயலில் புகையான் என்ற பூச்சியைத் தின்று குறைப்பதில் ஓநாய்ச் சிலந்திக்குப் பெரிய பங்கு உண்டு. கண்ட மருந்தையும் அடித்தால் முதலில் சாவது இதுதான். அதன் பிறகு புகையான் முன்பைவிட மோசமாகப் பெருகியதை ஆசியாவின் நெல் ஆராய்ச்சியாளர்கள் பலமுறை பதிவுசெய்திருக்கிறார்கள்.

வீட்டுக்குள் வருவோம். குளியலறை மூலையிலும் பரணிலும் ஒட்டடையை உண்டாக்கும் நீள்கால் சிலந்தியைப் பார்க்காதவர் இல்லை. தொட்டால் உடம்பையே மங்கலாகத் தெரியும்படி அதிவேகமாக ஆட்டும். பெண் சிலந்தி தன் முட்டைக் குவியலை வாயில் கவ்வியபடியே பல நாட்கள் தொங்கிக்கொண்டிருக்கும். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கிராசோபிரைசா லயோனி என்ற சிலந்தி, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவை வேட்டையாடுவதைத் தாய்லாந்தில் ஆய்வுசெய்து 1997இல் வெளியிட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஒட்டடைக் கம்பை எடுப்பவர்கள், கண்ணில் படாத இரண்டு மூலைகளையாவது விட்டுவைக்கலாம் என்பது என் வேண்டுகோள்.

சமையலறையில் விளக்கைப் போட்டதும் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கால்களைப் பரப்பி நிற்கும் பழுப்புச் சிலந்தி வேறு. அடிவயிற்றில் வட்டமான வெள்ளைத் தகடு ஒன்றைக் கட்டிப்பிடித்திருந்தால் அது தாய். அந்தத் தகடுதான் முட்டைப் பை. கரப்பான்பூச்சியைத் துரத்திப் பிடிக்கும் சிலந்தி இது. விளக்குமாற்றால் அடித்தே பழகிவிட்டோம். கையால் பிடித்தால் கடிக்கும், வலிக்கும், ஆனால் ஆபத்தானதல்ல. இதைப் பிடித்து வைத்திருக்க முயலாதீர்கள். ஓடுவதற்கு இதற்கு ஒரு முழுச் சுவர் வேண்டும்.

செம்பருத்திக்கும் வேலிக்கும் நடுவே பெருக்கல் குறி வடிவில் வெள்ளைப் பட்டை பின்னி, அதன் மேல் தலைகீழாக உட்கார்ந்திருக்கும் அர்ஜியோப் சிலந்தியையும் அங்கேயே விட்டுவிட வேண்டும். அந்தப் பட்டை எதற்கு என்பதில் அறிவியலாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. புற ஊதா ஒளியைப் பிரதிபலித்து இரையை வரவழைக்கிறது என்கிறார்கள் சிலர். பறவைகள் வலையில் மோதி அறுக்காமலிருக்க எச்சரிக்கை என்கிறார்கள் வேறு சிலர். டப்பாவில் அடைத்தால் இந்தச் சிலந்தியால் வலை கட்ட முடியாது. வலை இல்லாவிட்டால் பட்டினிதான். காலையில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் வலை முழுதும் தெரியும். மாவு தூவிப் படம் எடுப்பது பழைய பழக்கம். மாவு பிசின் இழைகளைக் கெடுத்துவிடும், வேண்டாம்.

அப்படியானால் எதை வீட்டில் வைத்துப் பார்ப்பது? தாவும் சிலந்தியைத்தான். ஜன்னல் சட்டத்திலும் வாசல் திண்ணையிலும் பகலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, நாம் நெருங்கினால் திரும்பி நம் முகத்தை நிமிர்ந்து பார்க்குமே, அதுதான். ஓடாமல் நின்று நம்மைப் பார்க்கும் சிலந்தி இது ஒன்றுதான். அதனாலேயே குழந்தைகளுக்கு முதலில் அறிமுகப்படுத்த இதைவிட நல்லது கிடையாது.

பிடிப்பதற்குக் கண்ணாடி டம்ளரும் பழைய கல்யாணப் பத்திரிகையும் போதும். சுவரில் இருக்கும் சிலந்தியின் மேல் டம்ளரை மெல்லக் கவிழ்த்து, சுவருக்கும் விளிம்புக்கும் இடையே அட்டையை நுழைக்க வேண்டும். கால் நசுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவசரம் கூடாது. செடிகளில் இருப்பவற்றைப் பிடிக்க இன்னொரு வழி உண்டு. வெளிர்நிறக் குடை ஒன்றை விரித்துத் தலைகீழாகக் கிளைக்கு அடியில் பிடித்துக்கொண்டு, கிளையைக் குச்சியால் இரண்டு தட்டு தட்டினால், உதிரும் சருகோடு நாலைந்து வகைச் சிலந்திகள் குடைக்குள் விழும். களஆய்வு செய்பவர்கள் துணி கட்டிய சட்டத்தை வைத்துச் செய்வதும் இதே வேலைதான்.

மூடியில் ஊசியால் துளையிட்ட தெளிவான பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஒரு சுள்ளி, இவ்வளவுதான் வீடு. ஒரு டப்பாவில் ஒன்றுக்கு மேல் கூடாது, ஒன்றையொன்று தின்றுவிடும். தூரிகை நுனியில் தண்ணீர் தொட்டுச் சுவரில் ஒரு துளி வைத்தால் வந்து குடிக்கும். இரை உயிரோடு அசைய வேண்டும். வாழைப்பழத் தோலை ஒரு பாட்டிலில் போட்டுத் திறந்து வைத்தால் இரண்டு நாளில் பழ ஈக்கள் சேர்ந்துவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒன்றிரண்டு ஈக்களை விட்டால் போதும். சிலந்தி திடீரென்று சாப்பிடாமல் மூலையில் வெள்ளைப் பட்டுப் பை பின்னி உள்ளே போய்விட்டால் பதற வேண்டாம். அநேகமாகத் தோலுரிக்கப் போகிறது. பையைப் பிரிக்காதீர்கள், அந்த நாட்களில் ஈயையும் உள்ளே விடாதீர்கள். தோலுரித்த கையோடு இருக்கும் சிலந்தியின் உடல் மிக மென்மையானது.

இனி வேட்டையைப் பாருங்கள். முன்பக்கம் இரண்டு பெரிய கண்கள்; அவற்றைத் தவிர, பெரும்பாலும் அசைவைக் கண்டுபிடிக்கும் சின்னக் கண்கள் ஆறு. ஓரக் கண்ணில் ஈ அசைந்ததும் உடம்பு சட்டென்று திரும்பி, பெரிய கண்கள் இரையின் மேல் நிலைக்கும். பூனையைப் போல் பதுங்கிப் போகும்; சில சமயம் எதிர்த்திசையில் சுற்றிவந்து மேலிருந்து இறங்கும். தாவுவதற்கு முன் வயிற்றை அழுத்தி ஒரு இழையைத் தரையில் ஒட்டவைக்கும், தவறினால் தொங்கிக்கொள்ள. தாவலுக்கான விசையில் தசைக்கு உள்ள பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு. சிலந்தியின் காலில் முக்கிய மூட்டுகளை மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை இல்லை. உடல் திரவத்தைக் காலுக்குள் அழுத்திச் செலுத்தித்தான் காலை நீட்டுகிறது. இறந்த சிலந்தியின் கால்கள் எல்லாம் உள்நோக்கிச் சுருண்டு கிடப்பது இதனால்தான்.

தூரத்தை எப்படி அளக்கிறது? அதற்கான விடை நம் வீட்டுச் சுவர்களிலும் காணப்படும் ஹசாரியஸ் அடன்சோனி என்ற சிலந்தியிடமிருந்தே கிடைத்தது. ஜப்பானில் தகாஷி நாகடாவும் குழுவினரும் செய்த ஆய்வு 2012இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. இந்தச் சிலந்தியின் பெரிய கண்ணில் விழித்திரை நான்கு அடுக்குகள் கொண்டது. பச்சை ஒளியில் ஓர் அடுக்கில் படம் கூர்மையாக விழும். அதற்கு அடுத்த அடுக்கில் எப்போதும் மங்கலாகவே விழும். மங்கலின் அளவு, இரை இருக்கும் தூரத்தைப் பொறுத்து மாறும். அந்த இரண்டையும் ஒப்பிட்டுத் தூரத்தைக் கணிக்கிறது சிலந்தி. பச்சை வெளிச்சத்தில் இலக்குத் தவறாத சிலந்திகள், சிவப்பு வெளிச்சத்தில் இரைக்கு முன்னாலேயே விழுந்தன. ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட இல்லாத ஓர் உயிரின் தலைக்குள் இப்படியொரு கணக்கு நடக்கிறது என்பதை நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கிறது.

2022இல் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தின் டேனியலா ரோஸ்லரும் குழுவினரும் இன்னொன்றைக் கண்டார்கள். எவார்க்கா ஆர்குவேட்டா என்ற தாவும் சிலந்தி இரவில் இழையில் தொங்கி உறங்கும்போது, விழித்திரைகள் துடிக்கின்றன, கால்கள் உதறுகின்றன. குஞ்சுகளின் உடல் கண்ணாடி போல் ஒளி ஊடுருவக்கூடியதாக இருப்பதால் அவர்களால் இதைப் படமெடுக்க முடிந்தது. மனிதர்கள் கனவு காணும் நேரத்தில் நடப்பதை இது ஒத்திருக்கிறது. சிலந்தி கனவு காண்கிறதா என்று யாராலும் சொல்லிவிட முடியாது. ஆனால் கேள்வி எழுந்துவிட்டது, அதுவே பெரிது.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் கழுத்தில் வரிவரியாகக் கொப்புளம் வந்தால் எட்டுக்கால் பூச்சி சிறுநீர் கழித்துவிட்டது என்று பழி போடுவது வழக்கம். பெரும்பாலும் குற்றவாளி பெடெரஸ் என்னும் ஆரஞ்சும் கறுப்புமான மெலிந்த வண்டு. மழைக்காலத்தில் விளக்கொளிக்கு வரும். அது கடிப்பதில்லை, நசுக்கித் தேய்த்தால் அதன் உடல் திரவம் தோலைப் பொசுக்கும். உண்மையில் ஒதுங்கியிருக்க வேண்டிய சிலந்திகளும் இல்லாமலில்லை. உபயோகிக்காத நாற்காலியின் அடியிலும் தட்டுமுட்டுச் சாமான்களிலும் ஒழுங்கற்ற வலையும் அதில் முள்முள்ளாகத் துருத்திய உருண்டை முட்டைப் பைகளும் இருந்தால் கையை விடாதீர்கள், அது பழுப்பு விதவைச் சிலந்தியாக இருக்கலாம். வயிற்றின் அடியில் மணற்கடிகார வடிவக் குறி இருக்கும். மரப்பொந்துகளில் வாழும் ரோமம் அடர்ந்த பெரிய சிலந்திகளையும் தொடக் கூடாது.

அந்தப் பெரிய சிலந்திகளை விலைக்கு வாங்கி வளர்ப்பதை நான் ஏற்கவில்லை. ஆந்திரத்தின் குத்தி ரயில் நிலைய மரக் கிடங்கில் கிடைத்த ஒரே ஒரு சிலந்தியை வைத்து, 1899இல் பொகாக் என்ற விலங்கியலாளர் பொசிலோதீரியா மெட்டாலிகா என்ற நீலச் சிலந்தியை விவரித்தார். ஒரு நூற்றாண்டு கழித்து 2001இல்தான் அது காட்டில் மீண்டும் காணப்பட்டது. அழிவின் விளிம்பில் இருக்கும் அந்தச் சிலந்தி, உலகெங்கும் செல்லப்பிராணிச் சந்தையில் விலைபோகிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் பொசிலோதீரியா பேரினம் முழுவதும் 2019இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

டப்பாவில் வைத்த தாவும் சிலந்தியை ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். விடுவதற்கு முன் நான்கு படங்கள் எடுங்கள்: மேலிருந்து ஒன்று, கண்ணாடி வழியாக அடிவயிறு, முகத்துக்கு நேரே கண்கள், பிடித்த இடம். கண்களின் அமைப்பைப் பார்த்தாலே பெரும்பாலும் குடும்பத்தைச் சொல்லிவிடலாம். இனத்தைச் சொல்லப் பல நேரம் உருப்பெருக்கியில் இனப்பெருக்க உறுப்புகளைப் பார்க்க வேண்டியிருக்கும், அதற்குச் சிலந்தியைக் கொல்ல வேண்டும். அது நமக்குத் தேவையில்லை. குடும்பப் பெயரும் தேதியும் ஊரும் எழுதிய படத்தை ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் போன்ற தளங்களில் ஏற்றினால், அந்த ஊரில் அந்தச் சிலந்தி இருந்ததற்கான பதிவாக ஆய்வாளர்களுக்குப் பயன்படும்.