காசோலை யார் பெயருக்கு?

கோவேறு கழுதைக்குப் பருத்திச் செடியை மிதித்துப் பழக்கமில்லை. செடியில் கால் படாமல் இரண்டு வரிசைக்கு நடுவே நடக்கத்தான் அதைப் பழக்கியிருந்தார்கள். 1933 கோடையில், விளைந்துகொண்டிருந்த பருத்தியை உழுது அழிக்க அதே கழுதைகளை ஏரில் பூட்டியபோது அவை வரிசைமேல் ஏற மறுத்து நின்றன என்று அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இன்றும் சொல்கிறார்கள். விளைச்சல் மிதமிஞ்சி, பருத்தி விலை படுத்துவிட்டிருந்தது. சாகுபடியைக் குறைத்தால் பணம் தருகிறோம் என்றது ரூஸ்வெல்ட் அரசு. அந்த ஆண்டு ஏறத்தாழ 1 கோடி ஏக்கர் பருத்தி மண்ணோடு மண்ணானது.

அமெரிக்க அரசின் பயிர் மானியம் இப்படித்தான் தொடங்கியது. அந்தப் பணம் யார் கைக்குப் போனது என்று தெரிய, ஆர்கன்சா மாநிலத்தின் பாயின்செட் கவுண்டியைப் பார்த்தால் போதும்.

அங்கே பருத்தியை விளைவித்தவர்கள் வாரக் குடியானவர்கள். நிலம், விதை, கழுதை எல்லாம் நிலக்காரருடையவை. அறுவடை வரை தோட்டத்துக் கடையில் கடன்; ஆண்டு முடிவில் கணக்கு. 1934 ஒப்பந்தத்தில் தரிசு போட்ட நிலத்துக்கு, அதில் வழக்கமாக விளையும் பருத்தியின் பவுண்டுக்கு நாலரை சென்ட் என்று அரசு தொகை வைத்தது. அதில் 4 சென்ட் நிலக்காரருக்கு, அரை சென்ட் உழுதவருக்கு. சாகுபடி குறைந்ததும் ஆள் எதற்கு? குடும்பம் குடும்பமாக வெளியேற்றினார்கள். குடிகளை ‘இயன்றவரை’ வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது. அந்த ஒற்றைச் சொல்லே வெளியேற்றக் கதவைத் திறந்துவிட்டது. பிரிவுக்குக் குடிகள் பக்கமாகப் பொருள் சொன்ன ஜெரோம் ஃபிராங்க் முதலான அதிகாரிகள் 1935 பிப்ரவரியில் வேளாண்துறையிலிருந்தே நீக்கப்பட்டார்கள்.

இந்தக் கவுண்டியில் டைரோன்சா என்றொரு சிற்றூர். அங்கே சலவைக்கடை வைத்திருந்தவர் எச்.எல். மிட்செல்; பெட்ரோல் பங்க் வைத்திருந்தவர் கிளே ஈஸ்ட். இவர்கள் முன்முயற்சியில் 1934 ஜூலையில் 11 வெள்ளையரும் 7 கறுப்பரும் கூடித் தென்பகுதிக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். தனித்தனிச் சங்கமா, ஒரே சங்கமா என்ற கேள்வி எழுந்தது. ஒரே சங்கம் என்று முடிவெடுத்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கூட்டத்தில் உட்காருவதே ஆபத்தாக இருந்த ஊரில் எடுத்த முடிவு அது. அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றைக்கும் மனம் நெகிழ்கிறது. அந்தக் கடைகள் இருந்த கட்டடம்தான் இப்போது அவர்கள் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம்.

இன்று பாயின்செட்டில் கழுதையும் இல்லை, வாரக்குடிகளும் இல்லை. கவுண்டியின் நடுவே ஓடும் குரோலி மேட்டுக்கு மேற்கே நெல், கிழக்கே பருத்தியும் சோயாவும். மானியம் மட்டும் வேறு உருவில் தொடர்கிறது. சட்டத்தில் குறித்த விலைக்குக் கீழே சந்தை இறங்கினால் வித்தியாசத்தை அரசு கொடுக்கும். 100 பவுண்டு நெல்லுக்கு 14 டாலராக இருந்த அந்த விலையை 2025 சட்டம் 16.90 டாலராக உயர்த்தியது. ஆனால் பணத்தைக் கணக்கிடுவது இந்த ஆண்டு நட்ட ஏக்கரை வைத்து அல்ல. முன்னொரு காலத்தில் அந்த நிலத்துக்குப் பதிவான ‘அடிப்படை ஏக்கரை’ வைத்து. நெல்லுக்குப் பதிவான நிலத்தில் இன்று சோயா நின்றாலும் நெல்லுக்கான தொகை வரும்.

விலை சரிந்த ஆண்டில் விவசாயியைத் தாங்க அரசுப் பணம் வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நிலத்தோடு கட்டிய பணம் நிலக்காரரை நோக்கித்தான் சாயும். ரொக்கக் குத்தகையானால் மானியம் முழுவதும் பயிர் வைப்பவருக்கே என்கிறது விதி. காசோலை அவர் பெயருக்குத்தான் வருகிறது. ஆனால் எவ்வளவு வரும் என்பது நிலத்தின் சொந்தக்காரருக்கும் தெரியும்; அடுத்த குத்தகையைப் பேசும்போது அதில் ஒரு பங்கை வாடகையில் ஏற்றிவிடுகிறார். அந்த வயலில் கூலிக்கு டிராக்டர் ஓட்டுகிறவருக்கு இந்தக் கணக்கில் அரை சென்ட்கூட எழுதப்படவில்லை.