சொல்லின் தடம் தேடி

நெதர்லாந்துப் பள்ளியில் மாணவர்கள் செய்வது ‘லேரென்’. ஆசிரியர் செய்வதும் ‘லேரென்’தான்! டச்சு மொழியில் கற்பதற்கும் கற்பிப்பதற்கும் இந்த ஒரே வினைச்சொல் போதும். இரண்டில் எந்தப் பொருள் மூத்தது? அதைக் கண்டுபிடிக்கவும் ஓர் அறிவியல் உண்டு. அதன் பெயர் மொழியியல்.

முதலில், உறவுமொழிகளைக் கேட்போம். ஜெர்மனில் ‘லேரென்’ என்றால் கற்பித்தல் மட்டுமே. கற்பதற்கு ‘லெர்னென்’ என்ற தனிச்சொல் உண்டு. ஆங்கிலத்தின் ‘லேர்ன்’ இதற்கு உடன்பிறப்பு.

அடுத்து, பழைய சான்று. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் 6ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்று இருக்கிறது. ஊதாச் சாயமேற்றிய தோல் தாள்களில் வெள்ளி, பொன் மையால் எழுதியது. மொழி, டச்சுக்கு உறவான, இன்று யாரும் பேசாத கோத்திக். அதில் ‘லைஸ்யன்’ என்றால் கற்பித்தல். அதே மொழியில் ‘லைஸ்’ என்றால் ‘எனக்குத் தெரியும்’. நம் ‘தெரி’, ‘தெரிவி’ ஆவதுபோல அங்கே ‘லைஸ்’, ‘லைஸ்யன்’ ஆகியிருக்கிறது. ஆக, கற்பித்தல்தான் மூத்த பொருள்!

சரி, கோத்திக்கில் இருக்கும் ‘ஸ்’ டச்சில் ‘ர்’ ஆனது எப்படி? டென்மார்க் அறிஞர் கார்ல் வெர்னர் 1875இல் இதற்கு வழிகாட்டினார். பழங்காலத்தில் சொல்லின் எந்த அசை அழுத்தி ஒலிக்கப்பட்டது என்பதைப் பொறுத்து, சில சொற்களில் ‘ஸ்’ மென்மையானது. பிறகு டச்சு, ஜெர்மன், ஆங்கிலம் ஆகியவற்றில் அது ‘ர்’ ஆகத் திரிந்தது. உங்கள் ஆங்கிலப் பாடநூலிலேயே சோதித்துப் பாருங்கள்: ஒருமைக்கு ‘வாஸ்’, பன்மைக்கு ‘வேர்’. காரணம் இதே விதிதான்.

இன்னும் பின்னோக்கிப் போனால், அறிஞர்கள் ‘லெய்ஸ்’ என்றொரு வேர்ச்சொல்லை ஊகிக்கிறார்கள். பொருள்: தடம். லத்தீனில் ‘லீரா’ என்றால் உழவுசால். கோத்திக்கில் ‘லைஸ்ட்ஸ்’ என்றால் காலடித் தடம். தடத்தைப் பின்பற்றிப் போனவருக்கே வழி தெரியும். அப்படித்தான் தடம் அறிவானது. கடும் காய்ச்சலில் சிலருக்கு ஏற்படும் மனக்குழப்பத்தை மருத்துவர்கள் ‘டெலிரியம்’ என்பார்கள். உழவுசாலை விட்டு விலகுவது என்பதே அதன் மூலப்பொருள்.

ஓர் எச்சரிக்கை! டச்சில் தோலால் செய்த பொருளையும் ‘லேரென்’ என்றே சொல்வார்கள். ஆனால் அது நம் சொல்லுக்கு உறவே இல்லை. ‘லேடர்’ என்ற சொல்லில் நடுவிலிருந்த ‘ட்’ தேய்ந்து வந்தது அது. ஆங்கில ‘லெதர்’ அதன் உறவு.

ஆகவே, ஒரேபோல ஒலிக்கும் இரண்டு சொற்களைச் சொந்தம் என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். பழைய சான்று எங்கே, ஒலி மாறிய விதி எங்கே என்று கேளுங்கள்!