வெளியிலிருந்து ஒரு சோதனை: வைரஸ் புகுந்த கணினியும் மீட்பு வட்டும்

இணையவழி வங்கிச் சேவையைக் கணினியில் பயன்படுத்தும் வாடிக்கையாளர்கள் எழுப்பும் கேள்விகளுள் ஒன்று இது: “வங்கியின் பக்கத்தைத் திறந்தால், வழக்கமான விவரங்களோடு டெபிட் அட்டை எண்ணையும் அதன் ரகசிய எண்ணையும் சேர்த்துக் கேட்கிறது. முகவரியோ சரியாகவே இருக்கிறது. வைரஸ் தடுப்பு மென்பொருளைக் கொண்டு சோதித்தேன். ‘அச்சுறுத்தல் எதுவும் இல்லை’ என்கிறது. எதை நம்புவது?”

இரண்டையும் நம்ப வேண்டாம் என்பதே விடை. 2007ஆம் ஆண்டில் இனங்காணப்பட்ட ‘ஜீயஸ்’ என்னும் நச்சுநிரல் செய்த வேலையே இதுதான். வங்கியின் உண்மையான பக்கம் வாடிக்கையாளரின் கணினிக்கு வந்து சேர்ந்த பின்னர், திரையில் தோன்றுவதற்கு முன்னர், அதில் தனக்கு வேண்டிய கூடுதல் பெட்டிகளை அது செருகிவிடும். பக்கம் வங்கியிடமிருந்தே வந்தது என்பதால் முகவரியும் பூட்டுக் குறியும் சரியாகவே தெரியும். எனவே, வழக்கத்தில் இல்லாத ஒரு பெட்டி திரையில் தோன்றினால், தட்டச்சு செய்யாமல் கையை எடுத்துவிடுவதே முதல் வேலை.

வைரஸ் தடுப்பு மென்பொருள் ஏன் எதையும் காணவில்லை என்பது அடுத்த கேள்வி. அந்த மென்பொருள் வன்தட்டைத் தானே நேரடியாகப் படிப்பதில்லை. ‘இந்தக் கோப்பைக் காட்டு’ என்று விண்டோஸிடம் கேட்கிறது. விண்டோஸ் காட்டுவதைச் சோதிக்கிறது. நச்சுநிரல் விண்டோஸின் அடித்தளத்திலேயே குடியேறியிருந்தால், அந்தக் கேள்விக்கு விடை சொல்வது அதுவாகவே இருக்கும். கையாடல் செய்த காசாளரிடமே பேரேட்டை எடுத்துவரச் சொல்லித் தணிக்கை செய்வதற்கு இது ஒப்பாகும். அவர் எந்தப் பேரேட்டைக் கொண்டுவருவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு நடந்த ஒரு சான்று உண்டு. 2010 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை வெளியிட்டது. அவற்றுள் ஒன்றை நிறுவியதும் விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் பல நீலத் திரையில் உறைந்து, மீண்டும் இயங்க மறுத்தன. புதுப்பிப்பில்தான் பிழை என்று பலரும் நினைத்தனர். ஆராய்ந்தபோது, அக்கணினிகளில் ‘அலூரியான்’ என்னும் நச்சுநிரல் முன்பே ஒளிந்திருந்தது தெரியவந்தது. விண்டோஸின் உட்கருவில் குறிப்பிட்ட இடங்களைக் கணக்கிட்டு அது தன்னைப் பொருத்திக்கொண்டிருந்தது. புதுப்பிப்பு அந்த இடங்களை மாற்றியதும் கணக்குத் தவறி, கணினியே நின்றுபோயிற்று.

அலூரியான் வன்தட்டை இயக்கும் ஒரு சாரதிக் கோப்பினுள் புகுந்திருந்தது. அக்கோப்பை எவரேனும் படிக்க முயன்றால், கெடாத பழைய வடிவத்தையே எடுத்துக் காட்டும். பயனர் பெயர், கடவுச்சொல், கடன் அட்டை எண் ஆகியவற்றை இணையப் போக்குவரத்திலிருந்து திருடுவது அதன் தொழில். நீலத் திரை தோன்றிய பிறகுதான் தம் கணினியில் திருடன் இருந்ததையே பலர் அறிந்தனர். அதன் பின் நடந்தது இன்னும் வியப்புக்குரியது. அலூரியானை எழுதியவர்கள் சில நாள்களிலேயே தங்கள் படைப்பைத் திருத்தி, கணினி நிற்காதபடி செய்துவிட்டனர். திருடர்களின் வாடிக்கையாளர் சேவை அவ்வளவு விரைவானது!

அப்படி முடங்கிய கணினிகளை வெளியிலிருந்தே சீர்செய்ய வேண்டியிருந்தது. விண்டோஸ் குறுந்தகட்டைச் செருகி, அதிலிருந்து கணினியைத் தொடக்கி, கெட்ட கோப்பை அகற்றி நல்ல கோப்பை வைத்தனர். மீட்பு வட்டின் தத்துவமும் இதுதான். வன்தட்டில் உள்ள விண்டோஸை எழுப்பாமல், பென் டிரைவில் உள்ள வேறோர் இயங்குதளத்தைக் கொண்டு கணினியைத் தொடக்குகிறோம். பெரும்பாலான மீட்பு வட்டுகளில் அது லினக்ஸாக இருக்கும். விண்டோஸ் உறங்கும்போது அதனுள் இருக்கும் நச்சுநிரலும் இயங்க முடியாது. ஒளியவும் பொய்யான கோப்பைக் காட்டவும் வழியின்றி, வன்தட்டில் வெறும் கோப்பாகக் கிடக்கும்.

முதலில் வங்கி, பிறகு கணினி

கணினி பாதிக்கப்பட்டிருக்கிறது என்ற ஐயம் எழுந்ததும் பலர் உடனே அதைத் துப்புரவு செய்யத் தொடங்குகின்றனர். அரை நாள் அதில் கழிகிறது. அந்த அரை நாளில் கணக்கு திறந்தே கிடக்கிறது. கணினியைத் தூய்மையாக்குவதால், முன்பே களவுபோன கடவுச்சொல் திரும்பி வந்துவிடாது. ஆகவே இணைய இணைப்பைத் துண்டித்ததும் அடுத்த வேலை, கைபேசியிலிருந்தோ நம்பத்தக்க வேறு கணினியிலிருந்தோ வங்கிக் கடவுச்சொல்லையும், வங்கியில் பதிவு செய்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் மாற்றுவது. பாதிக்கப்பட்ட கணினியில் அமர்ந்து புதிய கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தால், அதையும் திருடனிடம் கொடுத்ததாகிவிடும். கணக்கில் நீங்கள் அறியாத பயனாளி எவரும் சேர்க்கப்பட்டிருக்கிறாரா, பரிமாற்ற வரம்பு உயர்த்தப்பட்டிருக்கிறதா, மின்னஞ்சல்கள் வேறு முகவரிக்குத் திருப்பிவிடப்படுகின்றனவா என்பவற்றையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பணம் ஏதும் போயிருந்தால் நேரத்தின் மதிப்பு இன்னும் கூடுகிறது. இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, அங்கீகாரமற்ற மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பை நாள்கணக்கில் வகுத்தது. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை என்ற நிலையில், பரிவர்த்தனை பற்றிய தகவல் கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பில் பொறுப்பு இல்லை. 4 முதல் 7 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வரம்புக்குட்பட்ட பொறுப்பு உண்டு. ரகசிய விவரங்களை வாடிக்கையாளரே பிறரிடம் பகிர்ந்த நிலையில், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் அவருடையது. தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியுடையது. இவ்விரு நிலைகளிலும் கோடு விழுவது, நீங்கள் வங்கியிடம் புகார் பதிவு செய்யும் அந்த நேரத்தில்தான். புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் 1930-க்கும் அழையுங்கள்.

வட்டைத் தயாரித்தல்

பழக்கத்தால் ‘வட்டு’ என்கிறோமே தவிர, இன்று குறுந்தகட்டுப் பெட்டி உள்ள கணினியைக் காண்பதே அரிது. 8 ஜிபி கொள்ளளவுள்ள ஒரு பென் டிரைவ் போதும். அதில் உள்ளவை அனைத்தும் அழிந்துவிடும் என்பதால் வெறுமையான ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

அதற்கு முன், பென் டிரைவ் எதுவும் வேண்டாத ஓர் எளிய வழியைச் சொல்லிவிடலாம். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் உள்ள மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் சோதனை வகைகளுள் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ என்று ஒன்று உண்டு. அதைத் தேர்ந்தால் கணினி நின்று, விண்டோஸ் முழுமையாக எழாத ஒரு மீட்புச் சூழலில் தொடங்கித் தன்னைச் சோதித்துக்கொள்ளும். ஏறத்தாழ 15 நிமிடங்களில் முடிந்துவிடும். முதல் முயற்சியாக இதைச் செய்து பார்ப்பது நன்று. ஆயினும் இதைத் தொடக்கிவைப்பது பாதிக்கப்பட்ட அதே விண்டோஸ்தான்; மீட்புச் சூழல் இருப்பதும் அதே வன்தட்டில்தான். பணம் கையாளும் கணினிக்கு இது மட்டும் போதும் என்று சொல்ல இயலாது.

பென் டிரைவுக்கான மீட்பு வட்டைக் காஸ்பர்ஸ்கி, டாக்டர் வெப் ஆகிய நிறுவனங்கள் இலவசமாக வழங்குகின்றன. இந்திய நிறுவனங்களான குவிக் ஹீல், ஈஸ்கேன் ஆகியவற்றின் மென்பொருள்களில் இத்தகைய வட்டை உருவாக்கிக்கொள்ளும் வசதி உண்டு. எதுவாயினும் அதைத் தயாரிக்க வேண்டியது வேறொரு நல்ல கணினியில். தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து மட்டுமே பதிவிறக்க வேண்டும்; தேடுபொறி முதலில் காட்டும் விளம்பர இணைப்பைச் சொடுக்கி, மருந்து என்று நினைத்து நஞ்சை வாங்கிவந்தவர்கள் உண்டு.

பதிவிறக்கும் கோப்பு பெரும்பாலும் ‘ஐஎஸ்ஓ’ வகையாக இருக்கும். அதை அப்படியே பென் டிரைவில் நகலெடுத்தால் கணினி அதிலிருந்து தொடங்காது. ‘ரூஃபஸ்’ போன்ற ஒரு சிறு கருவியைக் கொண்டு எழுத வேண்டும்.

தொடங்கும் முன் மூன்று தடைகள்

இந்த வேலையில் பெரும்பாலோர் இடறுவது வைரஸிடம் அன்று. கணினியின் சொந்தப் பாதுகாப்பு ஏற்பாடுகளிடம்தான்.

முதலாவது, ‘பிட்லாக்கர்’ என்னும் வன்தட்டு மறையாக்கம். அண்மையில் வாங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் உரிமையாளர் கேட்காமலே இது இயங்கிக்கொண்டிருக்கும். அப்படியானால் மீட்பு வட்டுக்கு உங்கள் வன்தட்டு பொருளற்ற குறிகளின் குவியலாகவே தெரியும். ‘எதுவும் இல்லை’ என்ற முடிவு வந்தாலும் அது எதையும் படிக்காமல் சொன்னதாகிவிடும். இதற்கான மீட்புச் சாவி 48 இலக்கங்கள் கொண்டது. பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வேறு சாதனத்தின் வழியே அக்கணக்கில் நுழைந்து, சாவியைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டே எதையும் தொடங்குங்கள். தொடக்க அமைப்புகளை மாற்றினால் விண்டோஸே அந்தச் சாவியைக் கேட்டு நிற்கக்கூடும். சாவி இல்லாதவர் தம் கோப்புகளுக்குத் தாமே அந்நியராகிவிடுவார். மறையாக்கத்தைத் திறக்க இயலாத மீட்பு வட்டைத் தேர்ந்திருந்தால், விண்டோஸில் அதை நீக்கிய பின்னரே சோதிக்க முடியும். அதற்குச் சில மணி நேரம் ஆகலாம்.

இரண்டாவது, விண்டோஸின் ‘விரைவுத் தொடக்கம்’. நாம் கணினியை அணைத்தாலும் விண்டோஸின் ஒரு பகுதி வன்தட்டில் பாதி உறக்கத்தில் வைக்கப்படுகிறது. அந்நிலையில் லினக்ஸ் அவ்வட்டைப் படிக்க மட்டும் ஒப்புக்கொண்டு, எழுத மறுக்கலாம். வைரஸைக் கண்டுபிடிக்கும், அகற்றாது. ‘ஷிஃப்ட்’ விசையை அழுத்திப் பிடித்தபடி ‘ஷட் டவுன்’ கட்டளையைத் தந்தால் கணினி முழுமையாக அணையும்.

மூன்றாவது, ‘செக்யூர் பூட்’. அறியாத இயங்குதளங்களைத் தொடங்கவிடாமல் தடுக்கும் காவல் இது. மீட்பு வட்டை அது ஏற்காவிட்டால் தற்காலிகமாக விலக்கிவிட்டு, வேலை முடிந்ததும் மறவாமல் மீண்டும் இயக்க வேண்டும்.

இவை தீர்ந்தால் மற்றவை எளிது. பென் டிரைவைச் செருகிக் கணினியை இயக்கியதும் தொடக்கப் பட்டியலுக்கான விசையை அழுத்த வேண்டும். டெல், லெனோவோ கணினிகளில் அது பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. பட்டியலில் யுஎஸ்பியைத் தேர்ந்தால் மீட்பு வட்டின் திரை தோன்றும். இப்போது இணையத்தை இணைக்கலாம். விண்டோஸ் உறங்குவதால் நச்சுநிரல் அதைப் பயன்படுத்த முடியாது. வைரஸ் அடையாளப் பட்டியலைப் புதுப்பித்து, தொடக்கப் பகுதிகள் உட்பட எல்லாப் பிரிவுகளையும் சோதிக்கச் சொல்லுங்கள். பெரிய வன்தட்டானால் பல மணி நேரம் ஆகும். மடிக்கணினியை மின்னிணைப்பில் வைத்திருங்கள்.

முடிவில் தோன்றும் பட்டியலைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் அழித்துவிட வேண்டாம். விண்டோஸின் சொந்தக் கோப்பில் வைரஸ் புகுந்திருந்தால், அழித்த பின் கணினி எழாமல் போகலாம். ‘குணப்படுத்து’ என்ற தெரிவு இருந்தால் அதையும், இல்லையேல் ‘தனிமைப்படுத்து’ என்பதையும் தேர்வது பாதுகாப்பு. கணக்கு மென்பொருளை உரிமமின்றி இயக்க எவரோ நிறுவித்தந்த ‘கிராக்’ கோப்பு அப்பட்டியலில் இருந்தால் மட்டும் இரக்கம் காட்ட வேண்டாம்; பல அலுவலகங்களில் வைரஸ் நுழைந்த வாசலே அதுவாக இருக்கும்.

விண்டோஸ் மீண்டும் எழுந்ததும் உலாவியின் நீட்சிகள், ப்ராக்ஸி அமைப்பு, டிஎன்எஸ் முகவரி ஆகியவற்றைப் பாருங்கள். வைரஸ் போன பின்னும் அது திருப்பிவைத்த வழிகாட்டிப் பலகைகள் அங்கே எஞ்சியிருப்பதுண்டு. மத்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய ‘சைபர் சுவச்சதா கேந்திரா’ தளத்தில் கிடைக்கும் இலவசக் கருவிகளால் மறுபடி ஒருமுறை சோதிக்கலாம்.

மீட்பு வட்டால் ஆகாதவையும் உண்டு. கோப்புகளைப் பூட்டிப் பணயத்தொகை கேட்கும் நச்சுநிரலை அது அகற்றும். பூட்டிய கோப்புகளைத் திறக்காது. அவற்றுள் சிலவற்றுக்கான சாவிகள், ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் உள்ளிட்டவை 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2018இல் கண்டறியப்பட்ட ‘லோஜாக்ஸ்’ வன்தட்டில் அன்றி, தாய்ப்பலகையின் சில்லிலேயே குடியிருந்தது. வன்தட்டை மாற்றினாலும் அது போகவில்லை. வீட்டுக் கணினிகளில் இத்தகையது மிக அரிது.

வீட்டில் பிள்ளைகள் பயன்படுத்தும் கணினிக்கு மீட்பு வட்டுச் சோதனை போதும். சம்பளப் பட்டுவாடாவும் வணிகர்களுக்கான பணப் பரிமாற்றமும் நடக்கும் கணினியாயின், கடவுச்சொல் திருடும் வகை நச்சுநிரல் ஒன்று அகப்பட்டாலே, கோப்புகளைக் காத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவதுதான் சரி என்பது எம் கருத்து. அப்போது ஆவணங்களையும் கணக்குத் தரவுகளையும் மட்டும் வெளி வட்டுக்கு மாற்றுங்கள். நிறுவல் கோப்புகளையும் மென்பொருள்களையும் பழைய கணினியிலிருந்து எடுத்துவர வேண்டாம். அந்த வெளி வட்டைப் புதிய விண்டோஸில் செருகுவதற்கு முன், அதே மீட்பு வட்டால் கணினியைத் தொடக்கி அதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.