கண்ணால் கற்பவரா, கையால் கற்பவரா?

பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று கவலையுறும் பெற்றோர்க்கு இக்காலத்தில் இரண்டு மருந்துகள் எளிதாகச் சொல்லப்படுகின்றன. ஒன்று, கைபேசியில் நல்லதொரு பாடச் செயலியைப் பணம் கட்டி வாங்கித் தருதல். மற்றொன்று, பிள்ளை கண்ணால் கற்கும் வகையினனா, காதால் கற்கும் வகையினனா, கையால் கற்கும் வகையினனா என்று கண்டறிந்து, அவ்வழியிலேயே கற்பித்தல். ஊர் விட்டு ஊர் வந்து, பிள்ளைகளின் கல்வியையே பெரிய சொத்தாகக் கருதும் நம் குடும்பங்கள் இம்மருந்துகளைச் சற்றே ஆராய்ந்து பார்ப்பது நன்று.

கல்யாணில் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த தமிழ்ப் பெண்ணொருவர், கணித ஆசிரியராகும் பொருட்டுப் பி.எட். பயின்று வருகிறார். பயிற்சிக்காக ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்திய அனுபவத்தை அண்மையில் என்னிடம் கூறினார். முதல் வாரத்தில் அவர் மாணவரிடம் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, விடைகளைக் கொண்டு அவர்களைக் கண், காது, கை என மூன்று குழுக்களாகப் பிரித்தார். கைக்குழுவிற்குக் காகிதம் வெட்டும் வேலையே மிகுதியாகக் கிடைத்தது. அக்குழுவில் ஒரு சிறுவன் வடிவங்களை அழகாக வெட்டி ஒட்டினான். 'ஏன் இவ்வாறு பொருந்துகிறது என்பதை எழுது' என்றபோது, 'நான் கை வகை, டீச்சர். எழுதுவது எனக்கு வராது' என்றானாம். உதவிக்கென்று இட்ட பெயர், அச்சிறுவனுக்கு வேலியாகிவிட்டது!

இவ்வகைப் பிரிவினை உலகெங்கும் பரவியுள்ளது. நியூசிலாந்து நாட்டு நீல் ஃபிளெமிங் என்பவர் வகுத்த வினாத்தாள் இவற்றுள் பெயர் பெற்றது. ஆயினும் 2008ஆம் ஆண்டில் ஹெரால்டு பாஷ்லர், ராபர்ட் பியோர்க் உள்ளிட்ட நான்கு அமெரிக்க உளவியலாளர் இதுபற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பரிசீலித்தனர். ஒவ்வொருவருக்கும் விருப்பமான முறை உண்டு என்பது மெய்யே. ஆனால், அவரவர் வகைக்கேற்பக் கற்பித்தால் கல்வி மேம்படும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. விருப்பம் வேறு, கற்கும் ஆற்றல் வேறு. இனிப்பை விரும்பும் குழந்தைக்கு இனிப்பே உணவாகிவிடுமா?

அடுத்து, கருவியைக் காண்போம். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக் கழகத்தில் பயின்ற மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் உருவாக்கத் தொடங்கிய ஜியோஜீப்ரா என்னும் மென்பொருளை மாணவரும் ஆசிரியரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அதில் அடிப்பக்கம் 8 செ.மீ., உயரம் 5 செ.மீ. கொண்ட முக்கோணம் ஒன்றை வரைந்தார் நம் பெண்மணி. அதன் உச்சியை, அடிப்பக்கத்திற்கு இணையான கோட்டின் மீது நகர்த்திக் காட்டினார். முக்கோணம் சாய்ந்து நீண்டது. பரப்போ 20 சதுர செ.மீ. அளவிலேயே நின்றது. மாணவர் வேடிக்கை பார்த்தனர், ஒருவரும் 'ஏன்?' என்று கேட்கவில்லை.

மறு வகுப்பில் அவர் முறையை மாற்றினார். உச்சியை நகர்த்துமுன், 'பரப்பு கூடுமா, குறையுமா? முதலில் நோட்டில் எழுதுங்கள்' என்றார். கூடும் என்றே பலர் எழுதினர். திரையில் எண் மாறாதது கண்டு வகுப்பில் வழக்காடல் எழுந்தது. பின்னர் எல்லோரும் காகிதத்தில் வெட்டிப் பார்த்தனர், எல்லோரும் காரணத்தை வாயால் சொல்லினர், எல்லோரும் எழுதினர். அடிப்பக்கமும் உயரமும் மாறாதபோது பரப்பும் மாறாது என்பதை, முன்பு எழுத வராது என்ற அச்சிறுவனும் இரண்டு வரிகளில் எழுதிக் கொடுத்தான். கருவி அதே கருவிதான். அதற்கு முன்னே ஒரு கேள்வி வந்து நின்றது, அவ்வளவே.

நம் வீடுகளுக்கு இதில் தனியே ஒரு பாடம் உண்டு. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழிலும், தெருவில் இந்தியிலும், பள்ளியில் ஆங்கிலத்திலும் எண்ணுகின்றனர். 39 என்பதைத் தமிழ் 'முப்பத்தொன்பது' என்கிறது; முப்பதும் ஒன்பதும் அச்சொல்லிலேயே தெரிகின்றன. இந்தியில் அதுவே 'உன்தாலீஸ்'. நாற்பதுக்கு ஒன்று குறைவு என்னும் பொருளில் அமைந்த சொல். அவ்விடத்தில் தடுமாறும் குழந்தையைக் கணக்கு வராத வகை என்று முடிவு கட்டுவது பெரும் அநீதி. அக்குழந்தை இடறியது சொல்லில், எண்ணில் அன்று.

ஆகவே, அன்பர்களே! செயலிக்குப் பணம் கட்டுமுன், அது பிள்ளையைச் சிந்திக்க வைக்கிறதா, பார்க்க மட்டும் வைக்கிறதா என்று அருகிலிருந்து நோக்குங்கள். விடையைத் திரை காட்டுமுன், 'என்ன வரும் என்று நினைக்கிறாய்?' எனத் தமிழிலேயே கேளுங்கள். படமும் பேச்சும் எழுத்தும் கைவேலையும் ஒவ்வொரு குழந்தைக்கும் உரியவை. அவற்றுள் ஒன்றை மட்டும் கொடுத்து மற்றவற்றின் கதவுகளை அடைக்கும் உரிமை ஆசிரியருக்கும் இல்லை, பெற்றோருக்கும் இல்லை.