பழைய டிராக்டரின் மின்சார உறுப்புகளும் அசல் வர்ணமும்

உழவு யந்திரம் பழையதானவுடன் அதைக் கொட்டகையின் மூலையில் ஒதுக்கிவிடுவதும், பின்னர் ஒருநாள் நினைவு வந்து அவசரமாகத் துருவைச் சுரண்டிப் புதுவர்ணம் பூசுவதும் பல பண்ணைகளில் காணப்படும் வழக்கம். முன்னதால் யந்திரம் கெடுகிறது. பின்னதால் அதன் அடையாளம் அழிகிறது. நைந்த மின்கம்பிகளைக் கவனியாது மேற்பூச்சை மட்டும் புதுப்பித்தால், நெருப்பு அபாயமும் கூடவே இருக்கும். ஆகவே பழைய டிராக்டரைப் புதுப்பிக்கும் முறையை, ஒரு குறிப்பிட்ட வண்டியை உதாரணமாகக் கொண்டு இங்கு விளக்குவோம்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்து ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் 1947 முதல் 1952 வரை செய்யப்பட்டது போர்டு 8என் டிராக்டர். 5 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் வெளிவந்தன. அந்நாட்டுப் பண்ணைகளில் இவற்றுட் பல இன்றும் வேலை செய்கின்றன. பெட்ரோல் தொட்டி எஞ்சினுக்கு மேலும், அதன் பின்னே அதே மூடியின் கீழ் பாட்டரியும் அமைந்திருப்பதால், இவ்வண்டியில் ஒரு சிறு பொறியும் பெருந்தீங்கு விளைவிக்கக் கூடும்.

வண்டியின் உடலே ஒரு கம்பி

இந்த டிராக்டரின் மின்சாரம் 6 வோல்ட் அழுத்தமுடையது. பாட்டரியின் நேர்முனை வண்டியின் இரும்புடன் இணைக்கப்பட்டிருக்கும். மின்சாரம் போக ஒரு வழியும் திரும்ப ஒரு வழியும் வேண்டும். போகும் வழி கம்பி. திரும்பும் வழி வண்டியின் இரும்புடலே. எனவே விளக்கு, ஸ்டார்ட்டர் மோட்டார், டைனமோ ஆகியவை இரும்பைத் தொடும் ஒவ்வோரிடமும் கம்பியின் இணைப்புக்குச் சமானமாகும். அங்கே துருவோ வர்ணமோ படிந்தால் மின்சாரம் தடைப்படும். அழகாகப் புதுவர்ணம் பூசிய வண்டியில் விளக்கு மங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

36 வாட் விளக்குக்கு 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் போதும். 6 வோல்ட்டில் 6 ஆம்பியர் வேண்டும். வழியில் அரை வோல்ட் குறைந்தால், 12 வோல்ட்டில் 24-ல் ஒரு பங்கே நஷ்டம். 6 வோல்ட்டில் 12-ல் ஒரு பங்கு நஷ்டம். ஆகையால் மோட்டார் காருக்குரிய மெல்லிய பாட்டரிக் கம்பியை இதில் போடுதல் கூடாது. போட்டால் ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுழலும். உடையவர் பாட்டரியின்மேல் பழி போட்டு, வீணாகப் புதியதொன்று வாங்குவார்.

மின்சார வேலை

1. எதையும் கழற்றுமுன் எல்லாக் கம்பிகளையும் படம் பிடித்து, ஒவ்வொன்றின் நுனியிலும் சீட்டுக் கட்டவும்.

2. பாட்டரியின் எர்த் கம்பியை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டவும்.

3. பருத்தி நூல் பின்னிய பழைய கம்பியின் உறை பொடிந்திருந்தால், நாடா சுற்றி ஒப்பேற்றாமல், அதே பருமனும் அதே போன்ற உறையும் உள்ள புதிய கம்பியை இடவும். விளக்குக் கம்பியில் மறைவாக ஒரு பியூஸ் சேர்ப்பது தோற்றத்தைக் கெடுக்காது, வண்டியைக் காக்கும்.

4. முனைகளை மாற்றி இணைத்தல் ஆகாது. டைனமோவோ ரெகுலேட்டரோ புதிதாயின், டைனமோவின் துருவத்தைச் சரிப்படுத்த வேண்டும். அம்முறை டைனமோவின் வகைக்கேற்ப மாறுபடுவதால், உற்பத்தியாளர் கையேட்டின்படியே செய்க.

5. 1950-க்கு முற்பட்ட வண்டிகளில் டிஸ்ட்ரிப்யூட்டர் எஞ்சினின் முன்புறமும், பிற்பட்டவற்றில் பக்கவாட்டிலும் இருக்கும். முன்னதன் பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், பின்னதற்கு 0.025 அங்குலம். ஒன்றன் அளவை மற்றொன்றுக்கு வைத்தால் எஞ்சின் சரிவர ஓடாது.

சிலர் வண்டியை 12 வோல்ட்டுக்கு மாற்றுகின்றனர். அன்றாட உழவுக்கு அது சௌகரியமே. ஆனால் அப்போது பல்புகளையும் காயிலையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். கழற்றிய அசல் உறுப்புகளை எறியாமல் பெட்டியிலிட்டுப் பத்திரப்படுத்துவது விவேகம்.

அசல் வர்ணம்

8என் வண்டியின் எஞ்சின், கியர்ப் பெட்டி, அச்சு முதலிய வார்ப்புகள் சிவப்பு. எஞ்சின் மூடியும் சக்கர மறைப்புகளும் இளஞ்சாம்பல் நிறம். இதற்கு முந்திய 9என், 2என் வண்டிகள் முழுவதும் சாம்பல் நிறமானவை. இவ்வேற்றுமை அறியாது நிறம் மாற்றிப் பூசப்பட்ட வண்டிகள் உண்டு. வெயில் படாத பாட்டரித் தட்டின் அடியிலும், கருவிப் பலகையின் பின்புறத்திலும் பழைய நிறம் மங்காமல் இருக்கும். அதையே மாதிரியாகக் கொள்க. அசல் வர்ணம் பெரும்பகுதி நிலைத்திருந்தால், சோப்பு நீரால் கழுவி மெழுகு பூசுவதே போதும். ஒருமுறை சுரண்டப்பட்ட அசல் வர்ணம் மீண்டும் வராது.

எஞ்சின் இடப்பக்கத்தில் 8என் என்று தொடங்கும் வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். வண்டியின் வயதை அறிவிக்கும் அவ்வெண்ணின்மீது அரைக்கும் யந்திரம் படவே கூடாது. மணல் வீச்சால் துரு நீக்குவோர், மெல்லிய தகடு வளையாமலும் மணல் பேரிங்குகளுக்குள் புகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் தூள், மூச்சுடன் உட்சென்று நஞ்சாகும். நீர் தொட்டு உப்புத்தாளால் தேய்ப்பதும், தகுந்த முகமூடி அணிவதும், குழந்தைகளை அப்பால் நிறுத்துவதும் அவசியம்.

துரு நீங்கியதும் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, துருத்தடுப்புப் பூச்சு இட்டு, அது நன்கு காய்ந்தபின் எனாமல் வர்ணம் பூசுக. வார்ப்புகளின் இயற்கையான சொரசொரப்பை இழைத்துக் கண்ணாடிபோல் ஆக்குதல் அசலுக்கு மாறானது.

வேலையின் வரிசை

முதலில் வர்ணம், பிறகு கம்பி என்பதே முறை. ஆயினும் வர்ணம் பூசுமுன், எர்த் கம்பியும் ஸ்டார்ட்டரும் டைனமோவும் விளக்குகளும் இரும்பைத் தொடும் இடங்களைத் தாள் ஒட்டி மறைக்க வேண்டும். மறந்து பூசிவிட்டால், அவ்விடங்களை மட்டும் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, இணைத்தபின் சிறிது கிரீஸ் தடவுக. கடைசியில் பாட்டரியை மாட்டி, ஒவ்வொரு விளக்கையும் ஏற்றிப் பார்த்து, கம்பிகளைக் கையால் தொட்டுப் பார்க்கவும். சூடேறும் கம்பி எங்கோ தவறிருப்பதற்கு அறிகுறி. அத்தவறு நீங்கும்வரை தொட்டியில் பெட்ரோல் ஊற்றாதிருப்பதே க்ஷேமம்.